முகம் பார்க்கும் வேலை

"முகத்தைப் பார்த்துப் பேசுடா" என்று அக்கா சொல்லித்தான் அனுப்பினாள். நான் மேஜையில் கிடந்த பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்டிசம்னு போட்டிருக்கீங்க" என்றார் மேலாளர், விண்ணப்பத்திலிருந்து தலை தூக்காமலே. "லேப்ல ரத்த ஸ்லைடு பார்க்கிற வேலை. நாள் பூரா மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சிருக்கணும். முடியுமா?"

"பதினோரு வருஷம் பார்த்திருக்கேன் சார். பிடிச்ச வேலை."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஆளுங்களோட பேச்சு. தலையே மரத்துப் போச்சு. ரெண்டே வாரத்துல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"யாருய்யா அந்த மகா புத்திசாலி?" என்று சிரித்தார். "எந்த லேப்?"

"இதே லேப்தான் சார். போன மாசம் நீங்கதான் கை குலுக்கி, புரமோஷன் லெட்டர் குடுத்து, போட்டோவும் எடுத்துக்கிட்டீங்க."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.