வெட்டிவைத்த மூச்சு

கெலிஓயாவில் வாப்பா துணி வெட்டி விற்ற கடையின் மேல்மாடியில்தான் என் ஸ்டூடியோ. நான் சத்தம் வெட்டுகிறேன். வெட்டிய துண்டு எதையும் எறிகிற பழக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கிடையாது.

ராக் பேண்டில் பாடிக்கொண்டிருந்த யுகேஷ், அதை விட்டுவிட்டு முதல் தனி ஆல்பம் செய்ய வந்தான்.

"பவாஸ் நானா, பேண்ட்ல ட்ரம்ஸ் எல்லாத்தையும் மறைச்சிரும். இதுல என் குரல் மட்டுந்தான். மூச்சுச் சத்தம் ஒண்ணுகூட கேக்கக் கூடாது."

முதல் பாட்டில் நாற்பத்தொரு மூச்சை வெட்டி, தனி ஃபைலில் போட்டுவைத்தேன். இரண்டாவதில் இருபத்தாறு. மூன்றாவதில் ஒன்பது.

"தேறிட்டாய்டா," என்றேன்.

இன்று பகல் நாலாவது பாட்டு. நாலரை நிமிடம் பாடினான். வெட்ட ஒன்றுமே இல்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். அவன் நெஞ்சு அசையவில்லை.

"யுகேஷ், மூச்சு விடு!"

"அதைத்தான் நீங்க வெட்டிட்டீங்களே," என்று சிரித்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஃபைலைத் திறந்து முதல் மூச்சை ஓடவிட்டேன். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. அடுத்ததற்கும் ஏறியது. எழுபத்தாறும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோக, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

உதட்டில் நிறம் திரும்பியது. ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான்.

"இன்னும் ஆறு பாட்டு இருக்கு நானா. எடுப்பமா?"

பதிவைத் தொடங்க வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் மூச்சை நிறுத்த வேண்டும்.