புகைக்குக் காத்திருந்த பாம்பு

“ஐயோ!” என்று கில்பர்ட் போட்ட கூச்சலில் கொல்லையே அதிர்ந்தது. பீர்க்கம் பந்தலில் காய் பறித்தவனின் விரலைக் கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டது. விஷமில்லாத பாம்புதான். ஆனாலும் ஆத்திரம் தாளாமல் அரிவாளை வீசினான். வால் துண்டாக விழுந்து துடித்தது; பாம்பு வேலி தாண்டிப் போய்விட்டது.

வில்லியனூர் கம்பவுண்டர் டிங்சர் தடவிச் சிரித்தார். பக்கத்து வீட்டு வேணு சிரிக்கவில்லை.

“அது சுடுகாட்டு மரத்துல ஏறிக் குந்திக்கும்பா. கடிபட்டவன் எரியிற பொகையப் பார்த்தாதான் எறங்கும்.”

“நாங்க வேதக்காரங்கடா. எரிக்க மாட்டோம், பொதைப்போம். நல்லா காத்துக் கெடக்கட்டும்!”

மறுநாளே சுடுகாட்டுப் புளியமரத்தில் வாலறுந்த பாம்பு தெரிந்தது. கில்பர்ட் தினமும் அந்த வழியாகவே சைக்கிளில் போனான். மணியடித்து, “இன்னாடா, பொகை வரலியா?” என்று கேலி செய்தான். இருபது நாள் அது அசையவில்லை. கல்லறைத் திருநாளன்று மரம் காலியாக இருந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு வீடு திரும்பினான்.

அவன் அப்பாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போன மனைவி அந்தோணி மேரி, அதைக் கொளுத்தாமலே கையில் பிடித்தபடி வந்தாள்.

“மாமாவோட சிலுவைமேல வாலில்லாத பாம்பு ஒண்ணு சுத்திக்கினு கெடக்குதுங்க. பக்கத்துல உங்களுக்குன்னு வுட்டு வச்ச எடத்தையே பார்த்துக்கினு இருக்குது.”