எழுபத்திரண்டு

சகாயம்மாளின் விரல்களுக்கு அடியில் எதுவுமே துடிக்கவில்லை.

கோதண்டத்தின் இடது மணிக்கட்டில் மூன்று விரல்களையும் சற்று மேலே நகர்த்தினாள். பிறகு கீழே. தன் சீருடையில் குத்தியிருந்த கடிகாரத்தில் வினாடி முள் அரை வட்டம் போயிருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஹில்டா மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நர்சிங் பள்ளியில் இவர்களுக்கு எல்லாமே அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவருக்குப் பின்னால், இதே கையில் நாடி பார்த்து முடித்த ஐந்து பெண்கள். தாயம்மாள்தான் முதலில் எழுபத்திரண்டு என்றாள். மற்றவர்கள் அதை ஒட்டியே ஒன்றிரண்டு கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள்.

"இன்னாம்மா, இவ்ளோ நேரம் தேடிக்கினு கீறே?" கோதண்டம் தலையணையிலிருந்து எட்டிப் பார்த்தார். திருமழிசையில் பட்டறைத் தொழிலாளி. கால் முறிந்து நேற்றுத்தான் வார்டுக்கு வந்தவர். "நான் கீறேனா, பூட்டேனா?"

பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. போன வாரம் பெண்கள் வார்டில் நாகம்மா என்ற நோயாளி இறந்துபோனதிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"சும்மா இருங்க கோதண்டம். அவ பாக்கட்டும்."

இதுதான் கடைசித் தேர்வு. தேறியவர்களுக்கு நாளை விளக்கேற்றித் தலையில் நர்ஸ் தொப்பி வைப்பார்கள். தேறாதவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆவடி குவார்ட்டர்ஸில் சகாயம்மாளின் அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். "தொப்பி இல்லாம வந்தே, அத்தை மகன் ஜேசுராஜுக்குத்தான். அப்புறம் அழக் கூடாது."

அவளுக்கு இந்த வேலை வர வேண்டும் என்று அவளைவிட மேடம்தான் அதிகம் பாடுபட்டார். சேர்ந்த புதிதில் அவள் விரல் நடுங்கும். மேடம் மாலையில் விடுதிக்கே வந்து, அவள் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் கையை நீட்டுவார்.

"அமுக்காதே. தூங்குற கொழந்தை மேல கை வைக்கிற மாதிரி வை. அதுவா வரும்."

ஒருநாள் அதுவாக வந்தது. அதன் பிறகு சமையல்கார அம்மா, வாட்ச்மேன் என்று கை நீட்டியவர்கள் எல்லாருக்கும் நாடி பார்த்தாள். வாட்ச்மேன் இவளைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

இன்றைக்கு வரவில்லை. கோதண்டத்தின் கை சில்லென்று இருந்தது. பயத்தில் தன் விரல்கள்தான் மரத்துப்போய்விட்டன என்று நினைத்தாள்.

"ஆளு குத்துக்கல்லு மாதிரி இருக்காரு, இவளுக்கு நாடி ஆப்படலையாம்" என்று பின்னால் தாயம்மாள் முணுமுணுப்பது கேட்டது.

காலையில் டாக்டர் வந்துபோனது நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் நின்றிருந்தவர், கட்டிலைச் சுற்றிப் போய், சுவரோரம் ஒடுங்கி நுழைந்து வலது கையைப் பிடித்தார். அவருக்கு உடனே கிடைத்துவிட்டது. இவளுக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை.

யாரும் பார்க்காதபடி கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டக் டக்கென்று வேகமாகத் துடித்தது. ஒரு கணம் மூச்சு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. கட்டைவிரலில் துடிப்பது, வைத்துப் பார்க்கிறவரின் நாடி. முதல் வகுப்பிலேயே மேடம் சொன்னது.

விரலை எடுத்துவிட்டாள்.

எழுபத்திரண்டு என்று சொல்லிவிடலாம். புத்தகத்தில் போட்டிருக்கிற எண். ஐந்து பேர் சொல்லியாயிற்று. ஆறாவது ஆளை யார் கேட்கப் போகிறார்கள்?

"நேரம் ஆச்சு" என்றார் மேடம். "எவ்வளவு?"

வெளியே பெங்களூர் சாலையில் ஒரு லாரி போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"கிடைக்கலை மேடம்."

"சத்தமா சொல்லு."

"நாடி கிடைக்கலை மேடம்." அவள் கண் நிறைந்துவிட்டது. "எவ்வளவோ பாத்துட்டேன். என் கைக்கு ஒண்ணும் வரலை. நான் வீட்டுக்கே போயிடறேன்."

மேடம் பின்னால் திரும்பினார்.

"தாயம்மா, நீ எவ்வளவு சொன்னே?"

"எழுபத்திரண்டு மேடம்."

"நல்லா எண்ணினியா?"

"முழு நிமிஷமும் எண்ணினேன் மேடம்." சொல்லிவிட்டு சகாயம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அன்னிக்கு நாகம்மாவுக்குக் கடைசியா நாடி பாத்தது நீதானே. எவ்வளவு எழுதினே?"

தாயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுபத்திரண்டு."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"கோதண்டம், நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியலை."

கோதண்டம் தன் இடது கையைச் சகாயம்மாளிடமிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். உட்பக்கம் ஒரு பழைய தழும்பு தடித்துக் கிடந்தது.

"பட்டறை மிஷின்ல மாட்டுனதுலேர்ந்து இந்தக் கையில நாடியே கெடையாதும்மா."