ராட்சசனுக்கு இடமில்லை

"அந்த ராட்சசனை வெளிய தள்ளு. வீட்டுக்கு ஆகாதவன்" என்றாள் அண்ணி.

"பாவம் அண்ணி. பாக்க எவ்வளவு ஜம்முனு இருக்கான்!" என்று நாத்தனார் அவனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"அழகைப் பாத்துதான் உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டேன். என்னத்தைக் கண்டேன்? எடுத்து அந்தப் பக்கம் வை."

ராட்சசன் என்பது ஒரு கார்டு. சாப்பாட்டு மேஜை முழுக்க டிராகனும் சூனியக்காரியும் பூதமுமாகக் கார்டுகள் இறைந்து கிடந்தன. அவற்றில் பொறுக்கியெடுத்து, மறுநாள் போட்டிக்கு அண்ணி ஒரு கட்டு சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. போன போட்டியில் கார்டுக் கடைக்காரரின் மச்சினனை, ஊரே 'சாம்பியன்' என்று கொண்டாடுகிறவனை, வெறும் எலியையும் தவளையையும் வைத்தே மண்ணைக் கவ்வ வைத்தாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "எலியை வெச்சு டிராகனை ஜெயிக்க முடியுமா? குலுக்கறப்ப கைவித்தை காட்டறாங்க" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொல்லிவிட்டார்.

அண்ணி கத்தவில்லை. "சரி, என் கை படவே வேணாம். வேற ஒருத்தர் குலுக்கி, வேற ஒருத்தர் ஆடி, நான் சேர்த்த கட்டு ஜெயிச்சா?"

"இதே கடையில, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா தோத்துட்டா இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது."

அந்த வேறொருத்தராகத்தான் நாத்தனார் மாட்டிக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"என்னை நம்பியா இதுல இறங்கறீங்க? வேற நல்ல ஆளா பாத்திருக்கலாமே அண்ணி."

"உன்னை எவ நம்பினா? நான் கட்டை நம்பறேன்."

"அப்ப இந்த ராட்சசன் ஒருத்தன் மட்டும் கூட இருந்தா என்னவாம்?"

"ஒரு சுத்துக்கு ஒரு மந்திரக்கல்லுதான் கிடைக்கும். இவனை இறக்க ஏழு கல்லு வேணும். அது சேர்றதுக்குள்ள எதிராளி உன்னை ஊதித் தள்ளிட்டுப் போயிடுவான். எலிக்கு ஒரு கல்லு போதும். எலி வந்தா தவளையைக் கூப்பிடும், தவளை வந்தா வௌவாலைக் கூப்பிடும். ஒண்ணு இன்னொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். அதுக்குப் பேர்தான் கட்டு."

நாத்தனார் தலையை ஆட்டினாள். அண்ணி முகம் கழுவப் போன நேரம் பார்த்து, ஒரு எலியை உருவிவிட்டு ராட்சசனைச் செருகினாள். ஒரே ஒருத்தன்தானே, ஆபத்துக்கு உதவுவான்.

மறுநாள் கடையில் நிற்க இடமில்லை. அண்ணி, வேலைக்குப் போட்ட பூட்ஸோடு வந்து, யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாதென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

நாத்தனார் எலியை இறக்கினாள். எதிரே சாம்பியன் இறக்கியது ஒரு நத்தையை.

"உங்க டிராகன் எங்கப்பா?"

"இன்னிக்கு லீவு" என்றான் அவன், தலை நிமிராமல்.

நத்தை புழுவைக் கூப்பிட்டது. புழு குளவியைக் கூப்பிட்டது. நாத்தனாரின் எலிகளும் தவளைகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"பாத்தீங்களா!" என்று கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "கட்டுன்னா இது கட்டு! ஒண்ணுக்கொண்ணு என்ன பொருத்தம்! இதெல்லாம் மூளை இருக்கறவங்க செய்யற வேலை."

இன்னும் ஒரே ஒரு எலி கிடைத்தால் இன்னொரு தவளையும் வந்துவிடும், தப்பிக்கலாம். நாத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த கார்டை எடுத்தாள். கண்ணைத் திறந்தால், ராட்சசன் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தான். அவனை இறக்கக் கல் போதவில்லை. அடுத்த சுற்றில் குளவிகள் மொய்த்து ஆட்டத்தை முடித்துவிட்டன.

கடை விசிலில் அதிர்ந்தது. நாத்தனார் எழுந்து அண்ணியிடம் ஓடினாள். "அண்ணி, நான்தான்... நேத்து நீங்க அந்தப் பக்கம் போனப்ப அவனை உள்ள வெச்சுட்டேன்."

"சேர்த்து முடிச்ச கட்டுல ஏண்டி கை வெச்ச?"

"அழகா இருந்தான் அண்ணி."

"உங்க குடும்பத்துக்கே இதே பொழப்பு" என்றாள் அண்ணி. ஆனால் அவள் முகத்தில் கோபமில்லை.

கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சரிங்கம்மா. உங்க கை படலை, உங்க எலியும் ஜெயிக்கலை. நான் சொன்னது சரியாப் போச்சு. பேசினபடி நடந்துக்குங்க. வாசல் அந்தப் பக்கம்."

அண்ணி அசையவில்லை. "நீங்க மன்னிப்புக் கேட்டதும் போறேன்."

சிரிப்பு வெடித்தது. நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க அண்ணி, மானம் போகுது."

"போனது என் மானம். வாங்காம நான் நகரமாட்டேன்."

"தோத்த பிறகும் திமிரைப் பாருங்களேன்!" கடைக்காரருக்குக் குரல் ஏறியது. "நீங்க சேர்த்த கட்டு இன்னிக்கு எங்கம்மா ஜெயிச்சுது? யார் கையில ஜெயிச்சுது? சொல்லுங்க!"

அண்ணி சாம்பியனைத்தான் பார்த்தாள். அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நத்தையையும் குளவிகளையும் மெதுவாக ஒன்றுசேர்த்து, தட்டி அடுக்கி, மேஜையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

"இதையும் அக்காதான் சேர்த்துக் குடுத்தாங்க, மாமா."