ரஞ்சனின் சாயங்கால ஓட்டம்

“எனக்கு நக்கோம்மா, வேண்டவே வேண்டாம் இந்த ஊர் வம்பு!” என்று சொல்லிக்கொண்டே விஜயகுமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

பிளெசி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் விஜயகுமாரி அக்கா இப்படி ஆரம்பித்தால் யார் வீட்டிலோ சண்டை நிச்சயம்.

“உன் வீட்டுக்காரர் எங்கே?”

“ஓடப் போயிருக்காருக்கா. சாயங்காலம் ஆனா கை நடுங்குது, மனசு கடைப்பக்கம் இழுக்குது. அந்த நேரத்துல காலுக்கு வேலை குடுங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல? குடியை விட்டதுலேர்ந்து ஒரு நாள்கூட ஓட்டத்தை விடல.”

“ஓட்டம்தான். எங்கே ஓடுறாருன்னு கேட்டியா?” விஜயகுமாரி குரலைத் தாழ்த்தினாள். அதாவது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. “ஒயின் ஷாப்புக்கு!”

“ஐயோ, இருக்காதுக்கா!”

“ஆட்டோவுல வந்துக்கிட்டு இருந்தேன். என் கண்ணாலேயே பார்த்தேன், படியேறி உள்ளே போனாரு. விடுவேனா? திரும்பி வர்ற வரைக்கும் ஆட்டோவை நிறுத்தி வீடியோவே எடுத்துட்டேன்.”

பிளெசியின் பார்வை பீரோ மேலிருந்த பெட்டிக்குப் போனது. இன்னொரு தடவை அந்தக் கடைப்படி ஏறினால் பாளையங்கோட்டைக்கு ரயிலேறிவிடுவேன் என்று புருஷனிடம் பைபிள் மேல் கை வைத்துச் சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை அவள்.

“எங்க வீட்டுக்காரரைப் பாரு” என்றாள் விஜயகுமாரி. அவள் கணவர் யேசுதாஸ் சர்ச் கமிட்டியில் இருப்பவர். “அவரும்தான் சாயங்காலம் வாக்கிங் போறாரு. கொண்டாப்பூர் வரைக்கும் போய் பச்சைக் கலர் ஷூ வாங்கிக் குடுத்தேன். இருட்டுல லாரிக்காரனுக்கே தெரியும்! மனுஷன் சட்டையைப் பிழியற மாதிரி வேர்த்து வருவாரு. ஏலக்காயை மென்னுக்கிட்டே, ஒரு வார்த்தை பேசாம, சாப்பிட்டுப் படுத்துடுவாரு. அதுக்குப் பேருதான் எக்ஸர்சைஸ்!”

அந்த நேரம் பார்த்து ரஞ்சன் உள்ளே வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான்.

“ஊதச் சொல்லு!” விஜயகுமாரி டிராஃபிக் போலீஸ் மாதிரி எழுந்து நின்றாள்.

பிளெசி கிட்டே போய் மோந்து பார்த்தாள். வேர்வை நாற்றம்தான் அடித்தது. “கடைக்குப் போனீங்களா?” என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரஞ்சன் விஜயகுமாரியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “போனேன். ஆனா குடிக்கல.”

“பின்னே என்ன தம்பி, ஜெபம் பண்ணவா போனீங்க?”

“எதுக்குப் போனீங்க?” என்றாள் பிளெசி.

“அதை நான் சொல்லக் கூடாது பிளெசி. சொல்ல வேண்டியவர் சொல்லட்டும்.”

பிளெசி எட்டிப் பெட்டியை இறக்கினாள்.

ரஞ்சன் பதறிப்போனான். “அக்கா, தயவுசெய்து அந்த வீடியோவை அழிச்சிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“பார்த்தியா, மிரட்டலை!” விஜயகுமாரி போனை பிளெசியின் கையில் திணித்தாள். “நல்லாப் பாரு. தனியாக்கூட வரல. துண்டால மூஞ்சியை மூடின ஒரு குடிகாரனைத் தோள்ல தாங்கிக்கிட்டு வராரு. அவனைக் கட்டின மகராசி என்ன பாவம் செஞ்சாளோ!”

பிளெசி பார்த்தாள். படத்தை நிறுத்தினாள். விரலால் பெரிதாக்கினாள். அப்புறம் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, போனை அக்காவிடமே நீட்டினாள்.

அந்தக் குடிகாரனின் காலில் ஷூ பச்சைப் பசேலென்று மின்னியது.

விஜயகுமாரி பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள்.

“ஓடுற வழியில அண்ணனை அங்கே பார்த்தா விட்டுட்டு வர மனசு வராதுக்கா” என்றான் ரஞ்சன். “கூட்டிக்கிட்டுப் போய் போதை தெளியற வரைக்கும் கிரவுண்டுல நடக்க வைப்பேன். இன்னைக்கு ஏலக்காய் குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு. விஜிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு அழுதுக்கிட்டே போனாரு.”

“எங்கே... இப்ப எங்கே இருக்காரு?”

“உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறாரு. நீங்கதான் வீட்டைப் பூட்டிக்கிட்டு இங்கே வந்துட்டீங்களே!”