ஏழாம் நம்பர் தகடு

தராசு காட்டிய எடையை ரோஹிணி மூன்று முறை பார்த்துவிட்டாள். சந்தேகமே இல்லை. ஏழாம் நம்பர் தகடு இரண்டு கிராம் கூடியிருந்தது.

கொதிக்கும் அமிலத்தில் முப்பது நாள் தொங்கிய எஃகுத் துண்டு இளைக்கலாம், அப்படியே இருக்கலாம். சதை போடுமா என்ன? அமிலம் தின்னுமே தவிர, ஊட்டி வளர்க்காதே!

தொண்ணூற்றெட்டில் கோவையிலிருந்து புனேக்கு வந்து, அந்த ரசாயனத் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. புதிதாகச் செய்யப்போகும் அமிலக் கலத்துக்கு எந்த உலோகம் தாங்கும் என்று சொல்வது அவள் வேலை. இந்த எஃகைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

"இது அரிச்சுப்போச்சுன்னா நீ ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கோ" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் இந்தியில் சொல்லியிருந்தார்.

இப்போது தகடு பளபளவென்று மின்னுகிறது. எடையை மட்டும் மாற்றி எழுதினால் வேலை தப்பிக்கும். ஆனால் யாரோ தகட்டையே மாற்றியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தகட்டைச் சோதனை அமிலத்தில் தொங்கவிட்டு, எடுத்துக் கொடுத்தவர் கலியன். ஐம்பது வயது, புனேயின் ஏரவாடா பகுதிவாசி. அந்த ஆலையில் அவளோடு தமிழ் பேசும் ஒரே ஆள். கூப்பிட்டனுப்பினாள்.

"தகட்டை மாத்துனது யாருங்ணா?"

கலியன் தோளில் தொங்கிய பையைத் தடவினார்.

"எஃகு விக்கிறவன் என்ன கொடுத்தான் உங்களுக்கு? நம்ம ஆளுன்னு நம்புனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கலியன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தாள். அசல் தகடு. குண்டூசியால் குத்தியது போல உடம்பெல்லாம் ஓட்டை.

"யாரும் எதுவும் குடுக்கலம்மா. மேனேஜர் சாப் அன்னிக்கு உங்கள அப்படிப் பேசுனாரு, மனசு கேக்கல. போன வாரம் எடுத்துப் பாத்தா இப்படி இருந்துச்சு. மீந்த தகட்டுல இதே மாதிரி வெட்டி, தேச்சு, நானே ஏழுன்னு நம்பர் அடிச்சேன். எடையெல்லாம் போடுவீங்கன்னு தெரியாமப் போச்சு."

ரோஹிணி கலங்கிய கண்ணை மறைத்துக்கொண்டு குனிந்தாள். வேலை போனால் போகட்டும் என்று, 'இந்த எஃகு உதவாது' என ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏனுங்ணா, இதுல கலம் செஞ்சிருந்தா ஒரே வருஷத்துல ஓட்டை விழுந்திருக்கும். கொதிக்கிற அமிலம் கீழ நிக்கிறவர் தலையில கொட்டியிருக்கும். அங்க யார் நிப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

கலியன் தலையைச் சொறிந்தார்.

"யோசிச்சேம்மா. நான்தான் நிப்பேன். ஒழுக ஆரம்பிச்சா கொஞ்சம் தள்ளி நின்னுக்கலாம்னு இருந்தேன்."