கறுப்புப் பாய்

பெரிய மீனோடு இழுபறியில் இருந்த தொபியாஸ், தூண்டில் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தானாம்; கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னது. அவன் வள்ளம் திரும்பவில்லை. அதன்பிறகு சாயங்காலங்களில் கடலில் தொலைவில் வள்ளத்துப் பாய்போலச் சின்னதாக ஒரு கறுப்புப் பாய் தெரியத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் அவன் மனைவி ரெஜினாள் உலை வைத்துவிடுவாள். பாய் கரைக்கு வராது. சோற்றைக் கரையில் வலை இழுக்கும் நாங்கள்தான் தின்றோம்; கொஞ்சம் சதையும் போட்டோம்.

ஒருநாள் அது எங்கள் வலையில் அகப்பட்டது. ஆள் நீளத்துக்கு ஒரு பாறை மீன். அதன் முதுகில் நகங்களை எலும்புவரை இறக்கி, கறுத்த இறக்கையைப் பாய்போல விரித்தபடி ஒரு கடற்கழுகு செத்துக் காய்ந்து நின்றது. மீனுக்கு உயிர் இருந்தது. வலையோடு கரையோரத் தண்ணீரில் கட்டிப்போட்டோம். கழுகு மீனைப் பிடித்ததா, மீன் கழுகைப் பிடித்ததா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம்.

ரெஜினாள் வந்தாள்.

“இதுக்குத்தான் இத்தன நாளா சோறு பொங்கினியளா மைனி?” என்றான் தொபியாஸை அண்ணன் என்று கூப்பிட்டுவந்த சிலுவை.

அவள் தண்ணீரில் இறங்கி, கழுகின் விரல் ஒன்றைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

“பெருசுன்னு தெரிஞ்சதும் விட்டுருக்கலாம்லா,” என்று கழுகிடம் சொன்னாள்.

சிலுவை தலையைச் சொறிந்தான். “அறுக்கவா மைனி, கடல்ல விட்டுரவா?”

“கொண்டு விடுங்க. நானும் வாறேன்.”

எங்கள் கரையில் பெண்கள் வள்ளம் ஏறுவதில்லை. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டோம்.